கயிறு அறுந்தால்...

கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் புதியவரிடம் "எந்த உயரத்தில் ஆபத்து அதிகம்?" என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் "ஐயாயிரம் அடி" என்பார். அதே கேள்வியைப் பல வருடம் பறந்தவரிடம் கேட்டால் "இருநூறு அடி" என்பார். விழுவதற்கு அதிக உயரம் இருந்தால்தானே பயம், குறைந்த உயரத்தில் என்ன பயம் என்று தோன்றும். ஆனால் வானத்தில் கணக்கு தலைகீழ். உயரம்தான் அங்கே கையிருப்பு. ஐயாயிரம் அடியில் ஒரு தப்பு செய்தால் திருத்திக்கொள்ள நிமிடக் கணக்கில் நேரம் இருக்கிறது. இருநூறு அடியில் நொடிக் கணக்கில்தான் இருக்கிறது.

இருநூறு அடி என்றால் எவ்வளவு? விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் 192 அடி. அந்தக் கோபுரத்தின் கலசத்துக்குக் கொஞ்சம் மேலே, இன்ஜினே இல்லாத ஒரு விமானத்தில், முன்னால் இழுத்துக்கொண்டு போன கயிறு திடீரென்று அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வது? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் உலகம் முழுக்க உள்ள கிளைடர் பள்ளிகள் மாணவனைத் தனியாக அனுப்புவதற்கு முன்பே அவன் உடம்பில் ஏற்றிவிடப் பார்க்கின்றன. மூளையில் மட்டும் ஏற்றினால் போதாது. ஏன் என்பது பின்னால் புரியும்.

முதலில் கிளைடர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சித்திரை வைகாசியில் மதியம் பன்னிரண்டு மணிக்கு வெளியே நின்று மேலே பார்த்தால் போதும். காய்ந்து வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டுக்கு மேலே, இறக்கையை ஒரு தடவை கூட அடிக்காமல், பருந்து வட்டம் போட்டபடி மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். மந்திரம் ஒன்றும் இல்லை. வெயிலில் காய்ந்த கருப்பு மண் சூடாகிறது. அதன் மேலுள்ள காற்றும் சூடாகி, தூண் மாதிரி எழும்புகிறது. அந்தத் தூணுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் காற்றே தூக்கிக்கொண்டு போகும். கிளைடரும் அதையேதான் செய்கிறது. நீளமான ஒல்லி இறக்கை, இன்ஜின் கிடையாது. தரையிலிருந்து கிளப்பிவிட மட்டும் யாராவது வேண்டும். ஒன்று, இன்னொரு சின்ன விமானம் சுமார் 60 மீட்டர் நீளக் கயிற்றில் கட்டி இழுத்துப் போகும். அல்லது மைதானத்தின் மறுமுனையில் ஒரு பெரிய 'விஞ்ச்' நின்றுகொண்டு, பட்டத்தை இழுப்பது போலக் கம்பியைச் சுருட்டி இழுக்கும். உயரம் போனதும் கொக்கியை விடுவித்துவிட்டால் அப்புறம் பைலட்டும் காற்றும்தான்.

இந்தியாவுக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. புனேயில் 1950-லேயே கிளைடிங் மையம் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்து இந்திய விமானப் போக்குவரத்துத் துறை, தானே கிளைடர்களை வடிவமைத்துக் கட்டியது. அவற்றின் பெயர்களைப் பாருங்கள். 1958-ல் பறந்தது அஸ்வினி. அப்புறம் பரணி. 1961-ல் ரோகிணி, 1963-ல் கார்த்திக், 1970-ல் மிருகசீர், 1979-ல் ஆர்த்ரா. பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய எந்தப் பாட்டிக்கும் வரிசை புரிந்துவிடும். அஸ்வினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை! நட்சத்திர வரிசையிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். ரோகிணியிலும் ஆர்த்ராவிலும்தான் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் பல ஆயிரம் பேர் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பினார்கள். பெரிய பணக்காரப் பிள்ளைகள் இல்லை, சாதாரணக் கல்லூரி மாணவர்கள். பின்னாளில் என்.சி.சி.யில் அந்த இடத்துக்கு மைக்ரோலைட் விமானங்கள் வந்தன.

சரி, இப்போது அறுந்த கயிற்றுக்கு வரலாம்.

மல்லாங்கிணறு என்ற பெயரிலேயே கிணறு இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறை முன்பு வரை பிள்ளைகள் நீச்சல் படித்தது நீச்சல் குளத்தில் இல்லை, தோட்டத்துக் கிணற்றில்தான். ஆழமான கிணறு, சுற்றிலும் கல், கால் எட்டாத தண்ணீர். மாமாவோ சித்தப்பாவோ பையன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையோ மூடிய தகர டின்னோ சேர்த்துக் கட்டி உள்ளே இறக்கிவிடுவார். "பயப்படாதடா, மாமா கயித்தப் பிடிச்சிருக்கேன்ல?" என்பார். பையன் நம்பிக் கையைக் காலை அடிப்பான். நான்கைந்து நாள் போனதும் குடுக்கை போய்விடும். அப்புறம் ஒருநாள், பையனுக்குத் தெரியாமலே, கயிறு தொய்ந்துவிடும். அவன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருப்பான். கரையேறித் திரும்பிப் பார்த்தால் மாமா கயிற்றின் மறுமுனையை விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

அந்த மாமா செய்தது விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் உள்ளே கணக்கு இருக்கிறது. முதல் நாளே கயிற்றை விட்டிருந்தால் பையன் மூழ்கியிருப்பான். கடைசி வரை விடாமலே இருந்திருந்தால் கயிறு இல்லாத கிணற்றில் ஒருநாள் தவறி விழும்போது மூழ்கியிருப்பான். எந்த நாளில் விடுவது, எந்த இடத்தில் விடுவது, விட்டபின் எத்தனை நொடி பொறுப்பது, எப்போது தானே குதிப்பது... இதுதான் சொல்லிக்கொடுப்பவனின் வித்தை. கிளைடர் பயிற்சியாளரின் வித்தையும் இதுவேதான். என்ன, அவர் படியில் உட்கார முடியாது. மாணவனுக்குப் பின் சீட்டில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். மூழ்கினால் இருவரும்தான்.

இருநூறு அடியில் கயிறு அறுந்ததும் நடக்க வேண்டியது மூன்று காரியங்கள். முதலில் மூக்கைக் கீழே இறக்கி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். இரண்டாவது, எங்கே இறங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். நேராக முன்னால் இறங்க இடம் இருந்தால் நேராக இறங்கிவிடுவதே நல்லது. இடம் இல்லை, உயரம் போதும் என்றால் திரும்பி வர வேண்டும். மூன்றாவது, திரும்புவது என்று முடிவானால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, தயங்காமல், நன்றாகச் சாய்த்துத் திருப்ப வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் ஆட்கள் சாகிறார்கள். காரணத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூட இயற்பியல்தான், பயப்பட வேண்டாம்.

கிளைடர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டரில் போகிறது என்று கொள்வோம். இறக்கையை 15 டிகிரி மட்டும் சாய்த்துப் பயந்து பயந்து திருப்பினால், திரும்பும் வட்டத்தின் ஆரம் கிட்டத்தட்ட 240 மீட்டர். பாதி வட்டம் திரும்ப 30 நொடி ஆகும். திரும்பி முடிக்கும்போது ஓடுதளம் அரை கிலோமீட்டர் பக்கவாட்டில் இருக்கும். அதற்குள் உயரம் தீர்ந்துவிடும். 30 டிகிரி சாய்த்தால் ஆரம் 110 மீட்டர், நேரம் 14 நொடி. 45 டிகிரி சாய்த்தால் ஆரம் 64 மீட்டர், நேரம் 8 நொடிதான். சாய்வு அதிகமானால் நொடிக்கு இறங்கும் அளவு கூடும் என்பது உண்மை. ஆனால் திருப்பம் சீக்கிரம் முடிந்துவிடுவதால் மொத்தத்தில் இழக்கும் உயரம் குறைவு.

அப்படியானால் 60 டிகிரி சாய்த்தால் இன்னும் நல்லதா? இல்லை! அங்கேதான் பொறி. நேராகப் போகும்போது மணிக்கு 65 கிலோமீட்டருக்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும், அதாவது 'ஸ்டால்' ஆகும் என்று ஒரு கிளைடரை எடுத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரி சாய்வில் அந்த எல்லை 77-க்கு ஏறிவிடும். 60 டிகிரியில் 92. கையில் இருப்பதோ 90. ஆக, திருப்பத்தை முடிக்கும் முன்பே இறக்கை கைவிட்டுவிடும். கொஞ்சம் சாய்த்தாலும் சாவு, ரொம்பச் சாய்த்தாலும் சாவு. நடுவில் 45 டிகிரி, சரியான வேகம் என்ற ஒரு குறுகலான வரப்பில் நடந்து போக வேண்டும். அதுவும் கயிறு அறுந்த அதிர்ச்சியில், தரை பக்கத்தில் தெரியும்போது.

கணக்கு தெரிந்தவனும் ஏன் தவறுகிறான்? தரை பக்கத்தில் இருந்தால் கண் பொய் சொல்கிறது.

காற்றை எதிர்த்துக் கிளம்பியவன் திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் வருகிறது. காற்றில் அவன் வேகம் அதேதான். ஆனால் தரை விறுவிறுவென்று ஓடுகிறது. "அடேயப்பா, ரொம்ப வேகமாகப் போகிறோம்" என்று கண் சொல்லும். கை தானாகவே ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கும், உண்மையான வேகம் குறையும். இது முதல் பொய்.

திரும்பும்போது காற்று விமானத்தை வட்டத்தின் உள்பக்கமாகத் தள்ளும். உயரத்தில் இது தெரியாது. தாழ்வில் தரையைப் பார்த்தால் விமானம் உள்ளே வழுக்குவது போலத் தோன்றும். அதைச் சரிசெய்வதாக நினைத்துக் கால் உள்பக்க ரட்டரை மிதிக்கும். இது இரண்டாவது பொய்.

இறக்கை முனை மரத்தில் இடித்துவிடுமோ என்ற பயத்தில் சாய்வைக் குறைத்துக்கொண்டு, ரட்டரால் மட்டும் மூக்கைத் திருப்பப் பார்ப்பது மூன்றாவது.

இந்த மூன்றும் சேர்ந்தால் உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகும். விமானம் அந்தப் பக்கமாகக் கவிழ்ந்து பம்பரம் போலச் சுழலத் தொடங்கும். இதன் பெயர் 'ஸ்பின்'. அதிலிருந்து மீளப் பல நூறு அடி வேண்டும். இருப்பதோ நூறு, நூற்றைம்பது.

இந்தப் பொய்களுக்கு எதிராகக் கிளைடரில் ஒரு சத்தியவான் உண்டு. காக்பிட் கண்ணாடிக்கு வெளியே ஒட்டிவைத்த ஒரு துண்டுக் கம்பளி நூல். அவ்வளவுதான்! விமானம் காற்றை நேராக வெட்டிப் போனால் நூல் நேராகக் கிடக்கும். பக்கவாட்டில் வழுக்கினால் நூல் ஒருபக்கம் சாயும். அதற்கு மின்சாரம் வேண்டாம், ரிப்பேர் வேண்டாம். அருப்புக்கோட்டையில் நூலுக்கா பஞ்சம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கருவி அது. தரையைப் பார்க்காதே, நூலைப் பார், வேகமானியைப் பார் என்பதுதான் பாடம். சொல்வது சுலபம். தரை கண்முன்னே பெரிதாகிக்கொண்டு வரும்போது தரையைப் பார்க்காமல் இருக்க ஒருவனைப் பழக்குவது எப்படி?

இங்கேதான் பயிற்சியின் படிகள் வருகின்றன.

முதல் படி தரையிலேயே. கரும்பலகையில் படம் போட்டு, அன்றைய காற்று எப்படி, கயிறு 50 அடியில் அறுந்தால் என்ன, 150 அடியில் அறுந்தால் என்ன, 200-ல் என்ன, 500-ல் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மாணவன் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் சீட்டில் ஏற முடியாது.

இரண்டாவது படி உயரத்தில். இரண்டாயிரம், மூவாயிரம் அடிக்குப் போய், "இந்த உயரம்தான் தரை" என்று ஒரு எண்ணைக் கற்பனையாக வைத்துக்கொண்டு, அதற்கு இருநூறு அடி மேலே கயிறு அறுந்ததாகப் பாவித்துத் திரும்புவது. மாணவன் பலமுறை அந்தக் கற்பனைத் தரைக்குள் புதைந்துபோவான். ஒரு கீறலும் விழாது. ஸ்டால் எப்படி வரும், வரும் முன்பே ஸ்டிக் எப்படித் தொளதொளவென்று ஆகும், காற்றின் சத்தம் எப்படிக் குறையும் என்பதை எல்லாம் அங்கேதான் உடம்பு கற்றுக்கொள்கிறது.

மூன்றாவது படி தாழ்வில், சொல்லிவிட்டுச் செய்வது. "இந்த முறை இருநூறில் விடுவிக்கப் போகிறேன்" என்று பயிற்சியாளர் முன்னாலேயே சொல்லிவிடுவார். இழுக்கும் விமானத்தின் பைலட்டுக்கும் சொல்லியிருப்பார்கள்.

நான்காவது படிதான் மாமா கயிற்றை விட்ட படி. சொல்லாமல், ஒரு சாதாரண நாளில், பயிற்சியாளர் மஞ்சள் நிறக் குமிழை இழுத்துவிடுவார். டப் என்று சத்தம். முன்னால் போன விமானம் விலகிப் போகும். பின்சீட்டில் அமைதி. கை மட்டும் ஸ்டிக்குக்கு அரை அங்குலம் பின்னால் காத்திருக்கும்.

அந்தச் சில நொடிகளில் பெரும்பாலான மாணவர்கள் செய்வது என்ன தெரியுமா? ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான். உறைந்துபோவார்கள். பதில் தெரியாமல் இல்லை, நடந்ததை நம்ப முடியாமல். அதனால்தான் பல இடங்களில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இருநூறு அடி வந்ததும் மாணவன் வாய்விட்டு "இருநூறு" என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் அறுந்தால் நேராக, இதற்கு மேல் அறுந்தால் திரும்பலாம் என்பது அந்த ஒரு சொல்லில் அடக்கம். முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியது குறைவு. அதிர்ச்சி உறையவைத்தாலும் வாய்க்குப் பழகிய சொல் கையை இழுத்துக்கொண்டு போகும்.

விஞ்சில் இழுபடும்போது கதை இன்னும் கடினம். மூக்கு ஏறத்தாழ 45 டிகிரி வானத்தைப் பார்த்தபடி ஏறிக்கொண்டிருக்கும்போது கம்பி அறுந்தால், வேகம் கண்மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். உடனே மூக்கை நன்றாகக் கீழே தள்ள வேண்டும். வயிறு மேலே வருவது போல இருக்கும். மூக்கு கீழே போய்விட்டது, எல்லாம் சரி என்று மனம் நினைக்கும். ஆனால் வேகம் இன்னும் வந்திருக்காது! அந்த இடைவெளியில் திருப்பினால் ஸ்பின்தான். தள்ளு, காத்திரு, வேகம் வந்ததைப் பார், அப்புறம் முடிவெடு. இந்தக் 'காத்திரு' என்பதைக் கற்றுக்கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். விஞ்ச் அதிகம் பயன்படுத்தும் பிரிட்டனில் அந்நாட்டு கிளைடிங் சங்கம் 2005-ல் விஞ்ச் விபத்துகளை ஒவ்வொன்றாக அலசி, எந்தக் கட்டத்தில் என்ன தப்பு நடக்கிறது என்று வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எளிய வழிமுறை வகுத்து எல்லாக் கிளப்புகளிலும் பரப்பியது. அதன்பின் அங்கே விஞ்சில் உயிர்போகும் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. புது எந்திரம் எதையும் கண்டுபிடித்துச் சாதித்ததல்ல அது. சொல்லிக்கொடுக்கும் விதத்தைத் திருத்தியதுதான் முக்கியக் காரணம்.

ஆனால் ஒரு நியாயமான கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆபத்தைப் பழக்குகிறேன் என்று ஆபத்தையே வரவழைத்தால்? பயிற்சியிலேயே செத்துப்போனால்?

இது வெறும் வாதம் இல்லை. அமெரிக்காவில் 1949 வரை, தனியார் பைலட் உரிமம் வாங்க ஸ்பின் செய்து மீளத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்த வருடம் அதை நீக்கினார்கள். ஸ்பின்னிலிருந்து மீளக் கற்பதை விட, ஸ்டால் வருவதை முன்கூட்டியே உணர்ந்து தவிர்க்கக் கற்பதே முக்கியம் என்றார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஸ்பின் சாவுகள் கூடவில்லை, குறையத்தான் செய்தன. பிரிட்டிஷ் கிளைடர் பள்ளிகளோ ஸ்பின்னைச் செய்துகாட்டியே ஆக வேண்டும் என்று தொடர்ந்தன. கிளைடர் மெதுவாக வட்டமடித்தே வாழ்கிற விமானம், ஸ்பின்னைச் சந்திக்காமல் போகாது என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. மீள முடியாத பாடத்தைத் தாழ்வில் நடத்தக் கூடாது. ஸ்பின் வேண்டுமானால் உயரத்தில். தாழ்வில் செய்வது, தப்பு நடந்தாலும் பின்சீட்டுக் கை எட்டித் திருத்த நேரம் மிஞ்சுகிற பயிற்சி மட்டும்தான். காற்று சரியில்லை என்றால் அதுவும் கிடையாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அப்படிப்பட்ட நாளில் தரைக்குப் பக்கத்தில் காற்றின் வேகம் மேலே இருப்பதை விடக் குறைவாக இருக்கும். எதிர்காற்றில் இறங்க இறங்க விமானத்தின் வேகத்தை அது திடீரென்று தின்றுவிடும். நல்ல பயிற்சியாளர் அன்று குமிழைத் தொட மாட்டார். அந்தப் பயிற்சியை நாளைக்கும் செய்யலாம்.

இதெல்லாம் பொழுதுபோக்கு விமானம் ஓட்டுபவர்களுக்குத்தானே, மற்றவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். இரண்டு சம்பவங்கள் போதும்.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்துவிட்டது. கிலோவில் கணக்குப் போட வேண்டியதைப் பவுண்டில் போட்டு, தேவையில் பாதிக்கும் குறைவாக நிரப்பியிருந்தார்கள். 69 பேர் உள்ளே. இரண்டு இன்ஜினும் நின்ற பெரிய விமானத்தைக் கேப்டன் பாப் பியர்சன், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அன்று கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது! தளம் நெருங்கியபோது உயரம் அதிகமாக இருந்தது. இன்னொரு வட்டம் போட இன்ஜின் இல்லை. அவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கமும் ரட்டரை மறு பக்கமும் வைத்து, விமானத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு உயரத்தைக் குறைத்து இறக்கினார். யாரும் சாகவில்லை. பியர்சன் அனுபவமுள்ள கிளைடர் பைலட். கையும் காலும் எதிரெதிராகப் போவதுதான் தாழ்வான திருப்பத்தில் ஆளைக் கொல்லும் என்று மேலே பார்த்தோம். கிட்டத்தட்ட அதே காரியத்தை, எந்தப் பக்கம் ரட்டர், எவ்வளவு வேகம் என்று தெரிந்து, வேண்டுமென்றே செய்தபோது அது 69 பேரைக் காப்பாற்றியது.

2009 ஜனவரி 15. நியூயார்க்கில் கிளம்பிய விமானத்தின் இரண்டு இன்ஜினிலும் சுமார் 2,800 அடியில் பறவைகள் மோதின. கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். அவரும் கிளைடர் ஓட்டும் உரிமம் பெற்றவர். பின்னால் விசாரணையில் சிமுலேட்டரில் சோதித்துப் பார்த்தார்கள். பறவை மோதிய அந்தக் கணமே திருப்பினால் ஓடுதளத்தை எட்ட முடிந்தது. நடந்ததைப் புரிந்துகொண்டு முடிவெடுக்க மனிதனுக்கு ஆகும் நேரம் என்று 35 நொடியைச் சேர்த்துச் சோதித்தால் எட்ட முடியவில்லை. அந்த 35 நொடிதான் இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமும். எந்திரத்துக்கு அந்த நேரம் தேவையில்லை, மனிதனுக்குத் தேவை. பயிற்சியால் அதைக் குறைக்கலாம், பூஜ்யமாக்க முடியாது. அது தெரிந்தவர்தான் ஓடுதளத்தை விட்டுவிட்டு ஆற்றைத் தேர்ந்தெடுப்பார்.

தாழ்வில் பறப்பதில் இன்னொரு வகையும் உண்டு. யாரும் கட்டாயப்படுத்தாமல், வேடிக்கை காட்டுவதற்காகத் தரையை உரசிக்கொண்டு பறப்பது. கிளைடர் போட்டிகளில் முடிவுக் கோட்டை அதிவேகத்தில், ஆள் உயரத்தில் கடந்து கைதட்டல் வாங்குவது ஒரு காலத்தில் வழக்கம். விபத்துகள் நடந்தபின் பல போட்டிகளில் இத்தனை அடிக்குக் கீழே வந்தால் மதிப்பெண் குறைப்பு என்று விதி வந்தது. கிணற்றிலும் இப்படி ஆட்கள் உண்டு. நீந்தத் தெரிந்த தைரியத்தில் மோட்டார் ரூம் கூரையில் ஏறித் தலைகீழாகக் குதிப்பார்கள். தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். ஆபத்தைச் சமாளிக்கக் கற்பது வேறு, ஆபத்தைக் காட்டிப் பெருமைப்படுவது வேறு. முதலாவதைக் கற்றுக்கொடுக்கும்போதே இரண்டாவதன் ஆசையும் கூடவே ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பயிற்சியாளர்கள் அறிவார்கள். அதனால் எப்படித் திரும்புவது என்பதோடு எப்போது திரும்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

1896 ஆகஸ்டில் செத்துப்போன ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தாலுக்குச் சொல்லிக்கொடுக்க யாருமே இல்லை. உலகில் முதன்முதலாக முறையாகக் கிளைடரில் பறந்தவர் அவர். ஏறத்தாழ 2,000 முறை பறந்தவர். ஒருநாள் சுமார் 50 அடி உயரத்தில் காற்று தூக்கி மூக்கை நிமிர்த்தியது, கிளைடர் ஸ்டால் ஆனது, விழுந்தார், மறுநாள் இறந்தார். ஸ்டால் என்ற விஷயமே அப்போது யாருக்கும் சரியாகப் புரிந்திருக்கவில்லை. பின்னால் வந்த ரைட் சகோதரர்கள் அவர் எழுதி வைத்ததைப் படித்தார்கள், அவர் விழுந்ததிலிருந்தும் படித்தார்கள். இன்று ஒரு மாணவன் இருநூறு அடியில் மூக்கைக் கீழே தள்ளுகிறான் என்றால், அது அவனுக்கு முன்னால் விழுந்தவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன பாடம்.

கரிசல் காட்டில் இப்போது பல கிணறுகள் வற்றிக் கிடக்கின்றன. போர் போட்ட பின் கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் விடுவதும் இல்லை, ஆபத்து என்று. அக்கறைதான், தப்பில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்ததும், நீச்சல் தெரியாத பிள்ளைகள் குளிக்கப் போய் மூழ்கிய செய்தி எங்காவது ஒரு ஊரிலிருந்து வரத்தான் செய்கிறது. தண்ணீர் இல்லாத ஊர்க்காரனுக்கு நீச்சல் எதற்கு என்று விட்டதன் விலை அது.

பிள்ளைகளை ஆபத்திலிருந்து விலக்கி வைப்பது ஒரு வழி. அது எத்தனை நாளைக்குச் செல்லும் என்பது யார் கையிலும் இல்லை. இன்னொரு வழி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, பக்கத்தில் தெரிந்த ஆள் ஒருவர் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடிப்பது. அதற்கு நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், சரியான நாளைத் தேர்ந்தெடுக்கும் அறிவு வேண்டும். இந்த வருடம் கண்மாய் நிறைந்தால் தெருவில் நீச்சல் தெரிந்த மாமாக்கள், சித்தப்பாக்கள் யார் யார் என்று விசாரித்து வையுங்கள். ஒரு நல்ல கயிறும் வாங்கி வையுங்கள்.